எதுவும் நடக்காத அரைமணி

கஸுஹாவின் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவும் நடக்காது. ஏழு வருடமாக எதுவும் நடக்கவில்லை.

ஹமானா ஏரிக்கு மேற்கே, கொசாயில், அலுமினியத்தை உருக்கி அச்சில் அடித்துக் கார் பம்புகளுக்கு உறை செய்யும் ஆலை அது. உலை, அச்சு இயந்திரம், காற்றழுத்தி, குளிரூட்டி எல்லாமே மின்சாரத்தை மொடாக்குடியாகக் குடிப்பவை. மின்சாரக் கம்பெனி அரைமணிக்கு அரைமணி கணக்குப் பார்க்கும். வருடத்தில் ஒரே ஓர் அரைமணி எல்லையைத் தாண்டிவிட்டாலும் போதும், அடுத்த வருடம் முழுக்க அந்த உச்சத்தை வைத்தே கட்டணம் போடுவார்கள். மற்ற அரைமணிகளில் எவ்வளவு அடக்கமாக இருந்தோம் என்று சொல்லிப் பயனில்லை.

கஸுஹா வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோடை வந்தால் மின்சாரம் எல்லையை நெருங்கும்போதெல்லாம் சங்கு ஊதும். "டிமாண்ட்! டிமாண்ட்!" என்று கத்திக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். வார்ப்புக்கூடத்து மேஸ்திரி தெராதா கையில் சாப்பாட்டுக் குச்சிகளோடு கேன்டீன் ஏசியை அணைக்கப் பாய்வார். அந்த ஓட்டத்தை நிறுத்தியது கஸுஹா எழுதிய நிரல். இந்த அரைமணி எங்கே போய் முடியும் என்று அது முன்கூட்டியே கணக்குப் போடும். தாண்டும்போல இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலில் கூட்ட அறையின் ஏசி, பிறகு தூக்குவண்டிகளின் சார்ஜர், பிறகு கேன்டீன் வெந்நீர். கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி போட்டுவிடும். யாருக்கும் தெரியாது. சங்கு ஊமையாகிவிட்டது. எந்த வருடத்திலிருந்து ஊமை என்று கேட்டால் ஆலையில் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஊதாத சங்கை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

எந்த உறையை எந்த இயந்திரத்தில் எப்போது அடிப்பது என்று திட்டமிடும் நிரலும் அவளுடையதுதான். அதுவும் அப்படியே. சரியாக நடக்கும்வரை சத்தமே இருக்காது.

பிறகு மினோரி வந்தாள்.

ஹிகிதா மினோரி, இருபத்தைந்து வயது, சத்தமாகச் சிரிப்பவள். போன இலையுதிர்காலத்தில் சேர்ந்தாள். உறைகளைக் காமிராவால் பார்த்து, ஊசிமுனை அளவு காற்றுக்குழி இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கும் இயந்திரத்தை நிறுவினாள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு கறுப்பு லென்ஸ், அதைச் சுற்றி வளைய விளக்கு, பக்கத்தில் ஒரு ரோபோக் கை. வெளியே பெரிய திரை. நல்ல உறை போனால் பச்சை வட்டம், கெட்டது போனால் சிவப்பு வட்டம். ஆலைக்கு யார் வந்தாலும் அந்தத் திரை முன்னால் போய் நின்றார்கள். ஆட்கள் ஓட்டுப் போட்டு அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். லென்ஸ் உருண்டையாகக் கஷ்கொட்டை போல இருந்ததால் அந்தக் கொட்டையின் பெயரே, குரி. தெராதாவே அட்டையில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டினார்.

கஸுஹாவின் நிரல்கள் ஓடும் சாம்பல்நிறப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அதன் மேல் யாரோ துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. வந்த கொஞ்ச மாதத்திலேயே ஹிகிதா என்ற குடும்பப் பெயர் போய், அவள் எல்லோருக்கும் மினோரி. கஸுஹாவை இன்றுவரை குடும்பப் பெயரில்தான் கூப்பிட்டார்கள், நகுரா-சான் என்று. கஸுஹா என்று அவளுக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம்.

ஜூலையில் ஒரு காலை, ஆலையின் தினசரி உடற்பயிற்சி முடிந்து எல்லோரும் வரிசையில் நின்றபோது பிரிவுத் தலைவர் ஹகமாதா ஒரு விஷயம் சொன்னார்.

"நவம்பர்ல நகோயா தலைமை அலுவலகத்துல முன்னேற்றக் கூட்டம். நம்ம ஆலைலருந்து ஒருத்தர் மேடையேறி, இங்க செஞ்ச புது வேலையைப் பத்திப் பேசணும். இந்தத் தடவை வெறும் கைதட்டலோட போறதில்ல. யார் போறாங்களோ அவங்க கைலதான் ஆத்துக்கு அந்தப் பக்கம் கட்டற புதுக்கூடத்தோட மொத்தத் தானியங்கி வேலையும்."

 புதுக்கூடத்தின் வரைபடம் வந்த நாளிலிருந்து அது தனக்குத்தான் என்று கஸுஹா நினைத்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்க வராது. இத்தனை வருடம் பார்த்தவர்கள் தாங்களாகவே தருவார்கள் என்று காத்திருந்தாள்.

"யாருன்னு ஆகஸ்ட் கடைசில சொல்றேன்," என்றார் ஹகமாதா.

"இதுல சொல்ல என்ன இருக்கு?" என்று தெராதா வரிசையிலிருந்தே குரல் கொடுத்தார். "குரியைக் கக்கத்துல இடுக்கிட்டு மினோரி போகப்போறா. நமக்கெல்லாம் நகோயா ஊய்ரோ மிட்டாய் வாங்கிட்டு வரப்போறா."

"எனக்கு மேடைன்னா வயித்தைக் கலக்கும் மேஸ்திரி," என்றாள் மினோரி. "குரியை மட்டும் ரயிலேத்தி அனுப்பிடலாம். டிக்கெட்டும் அரை டிக்கெட்தான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கஸுஹாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் வாய் அப்படியே நின்றுவிட்டதை உணர்ந்து, கையால் மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் வார்ப்புக்கூடம் கொதித்தது. மின்மானியைப் பார்க்கப் போன கஸுஹா குரியின் கூண்டு அருகே நின்றாள். கூண்டுக்கென்று தனியாக ஒரு ஏசி. கதவிடுக்கிலிருந்து வந்த காற்று கணுக்காலில் சில்லென்று பட்டது. பக்கத்திலேயே உலை வாயில் தெராதாவின் ஆட்கள் கழுத்தில் துண்டோடு, வேர்வையில் போகும் உப்புக்காகக் கன்னத்தில் உப்பு மிட்டாயை அதக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பாத்தீங்களா நகுரா-சான்?" என்றார் தெராதா. "அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா நான் காமிராவாப் பொறக்கணும்."

கஸுஹா மேஜைக்குத் திரும்பி வந்து நிறுத்து வரிசையைத் திறந்தாள். எதை முதலில் நிறுத்துவது, எதை அடுத்து நிறுத்துவது என்று அவளே எழுதி வைத்த வரிசை. கூண்டு ஏசிக்கு எதிரே 'நிறுத்தக் கூடாது' என்று இருந்தது. அதையும் அவள்தான் போட்டிருந்தாள். இப்போது அதை எடுத்தாள். கூண்டு ஏசியை வரிசையின் உச்சிக்கு நகர்த்தினாள், கூட்ட அறைக்கும் மேலே.

மனிதர்கள் வேர்த்து ஊற்றும்போது காமிராவுக்கு எதற்குக் குளிர்? நியாயமாகத்தான் பட்டது. நியாயமான காரியம் செய்தவளுக்குக் காது ஏன் சூடாகிறது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

இந்த ஆலையில் ஒரு திருகை மாற்றுவதற்கும் தாளில், கையெழுத்துக்குப் பதிலாக, பெயர் முத்திரைகள் வேண்டும். முத்திரை வைப்பதில் ஒரு பணிவும் உண்டு. கீழே இருப்பவர் தன் முத்திரையை நேராகக் குத்தமாட்டார். கொஞ்சம் சாய்த்து, மேலதிகாரியின் முத்திரையைக் குனிந்து வணங்குவதுபோல் வைப்பார். மேலே இருப்பவருடையது நிமிர்ந்து நிற்கும். கஸுஹா சேர்ந்த நாளிலிருந்து சாய்த்தே குத்தியிருக்கிறாள். ஆனால் நிறுத்து வரிசையை மாற்றத் தாள் எதுவும் கிடையாது. அப்படி ஒரு வரிசை இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஏசி நிற்பது யார் கண்ணிலும் படவில்லை. வெளியே இருக்கும் யூனிட்தான் நிற்கும். உள்ளே காற்று வீசிக்கொண்டேதான் இருக்கும், சூடாக. கூண்டு சூடேறினால் லென்ஸின் குவியம் மயிரிழை நகரும், விளக்கு லேசாக மங்கும். அவ்வளவு போதும். குரி நல்ல உறைகளின் மேல் இல்லாத குழிகளைப் பார்த்தது. மத்தியானமானால் திரையில் சிவப்பு வட்டங்கள் பூத்தன.

மினோரி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குரி ஒதுக்கியதையெல்லாம் பூதக்கண்ணாடியில் ஒன்றொன்றாகத் திரும்பப் பார்த்தாள். நல்லவற்றைப் பொறுக்கி மறுபடி பெட்டியில் சேர்த்தாள். அவள் சிரிப்புச் சத்தம் குறைந்தது. கஸுஹாவுக்கு அது இதமாக இருந்தது. வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் ஒரு நடை போய் வந்தாள்.

ஆனால் அந்த இதம் நிலைக்கவில்லை. தெராதா ஸ்டூலுக்குப் பக்கத்தில் பார்லி டீயைக் குளிரக் குளிரக் கொண்டுவந்து வைத்தார். பொட்டலம் கட்டும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து கூடவே உட்கார்ந்து உறை பார்த்தார்கள். அவள் இயந்திரம் கெட்டாலும் அவளைச் சுற்றித்தான் கூட்டம் சேர்ந்தது. கஸுஹாவின் இயந்திரம் நன்றாக ஓடினாலும் துடைப்பம்தான் துணை.

ஒருநாள் கேன்டீனில் மினோரி தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"நகுரா-சான், மத்தியானமானா குரிக்குப் பைத்தியம் பிடிக்குது. கரண்டு ஏதாவது ஏறி எறங்குதா?"

"இல்லையே. சீராத்தான் இருக்கு," என்றாள் கஸுஹா. அது உண்மை. கரண்டு சீராகத்தான் இருந்தது.

"அப்ப நான்தான். பயத்துல ஓயாம கதவைத் தொறந்து தொறந்து பாக்கறேன். அதுல உள்ள சூடு ஏறுது போல. என் கை சும்மா இருக்காதே." பெருமூச்சு விட்டவள், தன் தட்டிலிருந்து ஒரு பொரித்த இறாலை எடுத்து கஸுஹாவின் சோற்றின் மேல் வைத்தாள். "நீங்களாவது சாப்பிடுங்க. வரவர ஊசி மாதிரி ஆயிட்டீங்க."

கஸுஹா இறாலைச் சாப்பிட்டாள். ருசியாக இருந்தது. அதுவும் பொறுக்கவில்லை.

உறை வாங்கும் கம்பெனிக்காரர்கள் குரியைப் பார்க்க வந்த நாள் அந்த ஆகஸ்டிலேயே மோசமான நாள். ஏரிப் பக்கமிருந்து காற்று என்று பேருக்குக்கூட இல்லை. கஸுஹா தன் திரை முன் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மணி அடித்து இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் கணிப்புக் கோடு எல்லையை நோக்கி எழுந்தது. நிரல் வழக்கம்போல் கூண்டு ஏசியை நிறுத்தியது. கோடு பணிந்தது.

பிறகு மறுபடி எழுந்தது.

கஸுஹா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுவதற்குக் காரணமே இல்லை. திட்ட நிரலைத் திறந்து பார்த்தாள். சும்மா நின்ற இரண்டாவது அச்சு இயந்திரத்தை அது ஓடவிட்டிருந்தது. சாயங்கால லாரிக்கு நல்ல உறைகள் போதவில்லை, ஆகவே இன்னும் அடி என்று. ஏன் போதவில்லை? குரி ஒதுக்கிக்கொண்டே இருந்தது. மற்ற நாட்களில் மினோரி ஸ்டூலில் உட்கார்ந்து நல்லதைப் பொறுக்கிச் சேர்த்துவிடுவாள். இன்று விருந்தாளிகளோடு நிற்கிறாள். ஒதுக்கியது ஒதுக்கியதாகவே கிடக்கிறது. இரண்டாவது இயந்திரம் ஓடினால் அதன் உலை மின்சாரத்தை இழுக்கும். மின்சாரம் ஏறினால் கூண்டு ஏசி நிற்கும். ஏசி நின்றால் குரி இன்னும் ஒதுக்கும். ஒதுக்கினால் இன்னும் அடி.

அவளுடைய நிரல்கள் அவள் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தன. அவை இரண்டும் குரியுமாக மூன்றும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றின.

வரிசையில் இருந்தவை ஒவ்வொன்றாக நின்றன. கூட்ட அறை, சார்ஜர்கள், கேன்டீன் வெந்நீர். நிறுத்த இனி எதுவும் இல்லை. கோடு எல்லைக்கு மேலேயே நின்றது.

சங்கு ஊதியது.

கூடத்தில் பாதிப் பேருக்கு அது என்ன சத்தமென்றே தெரியவில்லை. தீப்பிடித்துவிட்டது என்று ஒருவன் வாசலுக்கு ஓடினான். தெராதா மட்டும் தலைத்துண்டை உருவி வீசினார். "டிமாண்ட்! டேய், டிமாண்ட்டுடா! மேல லைட்டை அணை! அந்த விசிறியை அணை! தாண்டுச்சுன்னா ஒரு வருஷம் போச்சு!" வயதை மறந்து ஓடினார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கஸுஹா படியிறங்கி ஓடிவந்தபோது மினோரி விருந்தாளிகள் முன்னால் நின்றிருந்தாள். பின்னால் திரை நிறையச் சிவப்பு வட்டங்கள். அவள் தெராதா ஓடுவதைப் பார்த்தாள். சங்கைப் பார்த்தாள். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி இடுப்பு மடியக் குனிந்தாள்.

"மன்னிச்சுக்கணும். இப்ப உங்களுக்கு இதைக் காட்டறதைவிட நிறுத்தறதுதான் முக்கியம்னு தோணுது."

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள். குரியின் கை பாதியில் நின்றது. சோதனை நின்றால் மொத்த உற்பத்தி வரிசையும் நிற்கும். இரண்டு அச்சு இயந்திரங்களும் பெருமூச்சு விட்டு அடங்கின. உலைகள் தணிந்தன. கூடத்தில் அவ்வளவு அமைதியைக் கஸுஹா வேலைநாளில் கேட்டதே இல்லை.

அரைமணி முடிந்தது. எல்லைக்கு நூலிழை கீழே.

விருந்தாளிகளில் மூத்தவர் திரையை உற்றுப் பார்த்தார். "இத்தனை குழியா?"

"குழி இல்லைங்க. என் காமிராதான் தப்பாப் பாக்குது," என்றாள் மினோரி.

அவர் தலையை மட்டும் அசைத்தார். டீ குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் ஹகமாதா மாடிப்படிக்குக் கீழே வந்தார். சாம்பல்நிறப் பெட்டியை முதல் தடவையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"நகுரா, அந்தச் சங்கு இருக்கறதையே நான் மறந்துபோயிட்டேன். இன்னிக்கு ஊதினப்புறம்தான் உறைச்சுது, இத்தனை வருஷமா அது ஏன் ஊதலன்னு." துடைப்பத்தை எடுத்துச் சுவரோரம் வைத்தார். "நகோயாவுக்கு நீ போ. மினோரியோட மெஷின் இப்ப இருக்கற லட்சணத்துல மேடையேத்த முடியாது."

"சரிங்க," என்றாள் கஸுஹா.

ஏரியோரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது தான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவதைக் கவனித்தாள். சங்கு ஊதியதற்கே காரணம் அவள்தான். ஊதியதால்தான் அவள் இருப்பது தெரிந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க வேகமாக மிதித்தாள்.

மறுநாள் காலை ஏன்-ஏன் கூட்டம். ஆலையில் என்ன தவறு நடந்தாலும் சம்பந்தப்பட்டவர்கள் வெள்ளைப் பலகை முன்னால் உட்கார வேண்டும். ஹகமாதா ஏன் என்று கேட்பார். வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்பார். அதற்குமேல் ஏன் கேட்க முடியாத இடம்வரை போவார். ஒரே விதி, ஆள் பெயரைக் காரணமாக எழுதக் கூடாது.

"சங்கு ஏன் ஊதிச்சு?"

"ரெண்டாவது மெஷின் ஓடினதால," என்றாள் கஸுஹா.

"அது ஏன் ஓடிச்சு?"

"நல்ல உறை பத்தல."

"ஏன் பத்தல?"

"குரி நல்லதையும் சேத்து ஒதுக்கிடுச்சு," என்றாள் மினோரி.

"ஏன்?"

"கூண்டு சூடாச்சு."

"கூண்டு ஏன் சூடாச்சு?"

கஸுஹா மூச்சை இழுத்தாள். அதற்குள் மினோரி எழுந்து நின்றுவிட்டாள்.

"அது என் தப்புங்க. சூட்டுல காமிரா எப்படிப் பாக்கும்னு நான் சோதிக்கவே இல்ல. போதாததுக்குக் கதவைத் தொறந்து தொறந்து மூடினேன். விருந்தாளிங்க முன்னால ஆலைக்கே தலைகுனிவாப் போச்சு." குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள்.

"அட, விடும்மா," என்றார் தெராதா. "சாப்பாட்டு நேரத்துலகூட ஸ்டூலை விட்டு எழுந்திரிக்காத பொண்ணு. வேற யாரு இப்படி எந்திரிச்சு நின்னு ஒத்துப்பா?"

"நல்லாச் சொன்னே மினோரி," என்றார் ஹகமாதா. அவர் குரல் தணிந்திருந்தது. பொட்டலப் பிரிவுத் தலைவி கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரம் ஒற்றினாள். அறையே அந்தப் பெண் பக்கம் சாய்ந்தது.

கஸுஹாவுக்குள் பழைய எரிச்சல் குப்பென்று பற்றியது. திரை அவளுக்கு, பெயர் அவளுக்கு, பார்லி டீ அவளுக்கு. தப்பைக்கூடவா அவளுக்கே கொடுப்பார்கள்? அந்த மூன்றையும் வாலைப் பிடித்துச் சுற்றவிட்டது யார்? ஏழு வருடத்தில் கஸுஹா செய்து, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடந்தது அது ஒன்றுதான். அதிலும் மினோரியின் பெயரா?

"உங்க தப்பு இல்ல," என்றாள். குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "என்னுது."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கூண்டு ஏசி நின்னதால சூடாச்சு. நிறுத்து வரிசைல அது முதல்ல இருந்துச்சு."

"சரி, அது ஆரம்பத்துலேருந்தே அப்படித்தானே?" என்றார் ஹகமாதா. தப்பிக்க ஒரு கதவை அவரே திறந்து வைத்தார். தலையை ஆட்டினால் போதும்.

"இல்ல. ஜூலைல நான் மாத்தினேன்."

"ஏன்?"

அவர் பழக்கத்தில்தான் கேட்டார். பேனா பலகைமேல் தயாராக இருந்தது.

"பொறாமை," என்றாள் கஸுஹா.

பேனா நகரவில்லை. தெராதாவின் வாயிலிருந்த உப்பு மிட்டாய் பல்லில் இடித்துக் கடக்கென்றது.

"இதை எப்படி எழுதறது?" என்றார் ஹகமாதா கடைசியில், தனக்குத்தானே கேட்பதுபோல. "காரணம்னு எழுதினா எதிர்க் கட்டத்துல பரிகாரம்னு ஒண்ணு எழுதணுமே."

மினோரி நிமிர்ந்தாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. "என் மேலயா? எதுக்கு?"

கஸுஹாவுக்குப் பெரிய காரணங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்களை எல்லாரும் மினோரின்னு கூப்பிடறாங்க," என்றாள்.

"அதுக்கா? பூதக்கண்ணாடில பாத்துப் பாத்து என் கண்ணு வீங்கிப்போச்சு. எனக்கு இந்த வேலையே தெரியலன்னு அம்மாகிட்ட போன்ல அழுதேன். உங்ககிட்டயே வந்து கேட்டேன், கரண்டு சீரா இருக்கான்னு. சீரா இருக்குன்னு சொல்லிட்டு இறாலையும் வாங்கித் தின்னீங்க!"

"சீராத்தான் இருந்துச்சு."

"எழுந்து வந்தேன்னா தெரியும்! அந்த இறாலைத் திருப்பிக் குடுங்க."

தெராதா இருமினார். சிரிப்பை மறைக்க இருமியது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மினோரி சிரிக்கவில்லை. உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹகமாதா பலகையில் எழுதினார்: 'வரிசையை ஒருவரே, யாருக்கும் தெரியாமல் மாற்ற முடிந்தது.' எதிர்க் கட்டத்தில்: 'இனி மாற்றத்துக்கு இரண்டு முத்திரை. நகுரா, ஹிகிதா.' பேனாவை மூடினார். கஸுஹாவைப் பார்க்காமலே சொன்னார்.

"மினோரி, நகோயாவுக்கு நீ போ. இந்த மூணும் ஒண்ணை ஒண்ணு சுத்தினதையே எடுத்துட்டுப் போ. மத்த ஆலைங்களும் தெரிஞ்சுக்கட்டும். புதுக்கூடமும் உன் பொறுப்பு."

நவம்பரில் மினோரி போய்வந்தாள். ஒரு பெட்டி ஊய்ரோவை எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு துண்டாகக் கொடுத்தாள். மூன்றும் சுற்றிய கோட்டுப்படத்தைக் காட்டியபோதுதான் நிறையக் கைதட்டினார்களாம். தெராதா அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தக் கோட்டுப்படம் கஸுஹா வரைந்து கொடுத்தது. ஊய்ரோவை மெல்லும்போது நெஞ்சில் பழைய இடத்திலேயே எரிந்தது. இது போகாது என்று தெரிந்துகொண்டாள். இருக்கட்டும் என்று விட்டாள்.

மினோரி அவளோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினாள். சாப்பாட்டுக்கு எதிரே வந்து உட்காருவதில்லை.

குளிர்காலம் வந்தபோது கஸுஹா அடுத்த கோடைக்கான நிறுத்து வரிசையைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். முதல் தடவையாக முத்திரை வேண்டிய மாற்றம். கூண்டு ஏசிக்கு எதிரே மறுபடி 'நிறுத்தக் கூடாது'. வரிசையின் உச்சியில் வேறொன்று. மினோரி நின்றபடி படித்தாள்.

"இது உங்க மேஜைக்கு மேல இருக்கற ஏசிதானே?"

"ஆமா."

"நீங்க வேர்த்து வழியணும். அதைப் பாத்து நான் மனசு இரங்கணும். அதானே?"

கஸுஹா தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"இதுக்கு நான் முத்திரை போடமாட்டேன்." மினோரி பென்சிலால் அந்த வரியை அடித்தாள். தாளை மேலும் கீழும் பார்த்தாள். "தலைவர் ரூம் ஏசி இந்த வரிசைலயே இல்லையே. ஏன்?"

"அதைத் தொடக் கூடாது."

"யார் சொன்னா?"

கஸுஹா யோசித்தாள். "யாரும் சொல்லல," என்றாள்.

"அப்ப அதை முதல்ல போடுங்க."

"அவர்கிட்ட முத்திரை வாங்க வேண்டாமா?"

"ரெண்டு முத்திரைன்னு அவரேதானே பலகைல எழுதினாரு?"

கஸுஹாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். புதுத் தாளில் எழுதி நீட்டினாள். மினோரி முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, தன் கட்டத்தில் குத்தினாள். நேராக. வேலையில் இத்தனை வருடம் இளையவள், ஒரு மயிரளவும் குனியாமல் குத்தினாள். அந்த நிமிர்வுகூட கஸுஹாவின் கண்ணை உறுத்தத்தான் செய்தது.

தன் முத்திரையை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள். அழுத்தினாள். எடுத்தபோது அது மினோரியின் முத்திரை பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

மினோரி இரண்டு முத்திரைகளையும் தேவைக்கு மேல் சற்று நேரம் பார்த்தாள்.

"மை காயட்டும், நகுரா-சான். மடிச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் போனாள்.

கஸுஹா தாளை இரு கையிலும் விரித்துப் பிடித்தபடி மேஜைக்கு வந்தாள். திரையில் கோடு எல்லைக்குக் கீழே தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அரைமணி முடிந்தது. எதுவும் நடக்கவில்லை.